பதினேழிலிருந்து பூச்சியத்துக்கு

1963ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் மலேரியா நோயாளர் என்று பதிவானவர்கள் 17 பேர். அந்த 17 பேரிலும் 11 பேர் நோயை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தவர்கள். தீவுக்குள்ளேயே தொற்றுக்கு ஆளானவர்கள் ஆறு பேர்தான். ஆறே ஆண்டுகள் கழித்து, 1969இல், பதிவான நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளர் கண்டறியப்பட்டது 2012 ஒக்டோபரில். உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக உறுதிப்படுத்திச் சான்றளித்தது 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி. ஆக, ஆறு பேர் என்பது எவருமில்லை என்று ஆவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது. இலங்கையின் மலேரியா ஒழிப்பைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 2016ஆம் ஆண்டின் சான்றிதழிலிருந்து தொடங்கிப் பாராட்டிக்கொண்டே போகிறார்கள். கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போன 1963இன் கதையைத் தெரிந்துகொள்ளாமல் 2012இல் என்ன நடந்தது என்பதைச் சரியாக மதிப்பிட முடியாது என்பது என் எண்ணம்.

முதலில் நுளம்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மை நுளம்பு அனோபிலிஸ் குலிசிபேசிஸ். 1920களில் இங்கு பணியாற்றத் தொடங்கிய பூச்சியியலாளர் எச். எப். கார்ட்டர்தான் நோய்க்காவி இதுவே என்று நிறுவியவர். இந்த நுளம்பு சாக்கடையிலும் சேற்றிலும் முட்டையிடுவதில்லை. வெயில் படுகின்ற, தெளிந்த, ஓட்டமில்லாத நீர்தான் அதற்கு வேண்டும். ஆறு வற்றும்போது மணற்படுக்கையில் மிஞ்சுகின்ற குட்டைகள், பாறைக் குழிகள், மண்ணோ மணியோ தோண்டிவிட்டுக் கைவிட்ட பள்ளங்கள் ஆகியவை அதன் இருப்பிடங்கள். ஆகவே உலர்வலயத்தில் மலேரியா ஆண்டுதோறும் வந்துபோகும் நோயாக இருந்தது. வன்னியிலும் வடமத்தியிலும் கிழக்கின் உட்பகுதிகளிலும் குழந்தைகள் மண்ணீரல் வீங்கிய வயிற்றோடு வளர்ந்தார்கள். அந்த வயதைத் தாண்டிப் பிழைத்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. ஈரவலயத்திலோ ஆறுகள் நிறைந்து ஓடியதால் குட்டைகளுக்கு வாய்ப்பில்லை. தேயிலை விளையும் உயர்ந்த மலைகளில் குளிர் காரணமாக நோய் நிலைகொள்ளவில்லை. இந்த இரண்டு வலயங்களுக்கும் இடைப்பட்ட கேகாலை, குருநாகல் போன்ற பகுதிகளின் மக்களுக்கு மலேரியா தெரிந்த நோயுமல்ல, தெரியாத நோயுமல்ல. பேரழிவு அங்கேதான் நிகழ்ந்தது.

மலேரியாவுக்கு எதிரான முதலாவது அரச முயற்சி 1911இல் குருநாகலில் தொடங்கியது. கொயினா கொடுப்பது, நீர் தேங்கும் இடங்களை மூடுவது, எண்ணெய் ஊற்றுவது என்ற அளவில் அது நின்றது. 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தபோது இந்த முயற்சி எவ்வளவு சிறியது என்பது வெளிச்சமாகிவிட்டது. மகா ஓயா, தெதுறு ஓயா, களனி கங்கை முதலிய ஆறுகள் வற்றி, நீண்ட மணற்படுக்கைகளில் ஆயிரக்கணக்கான குட்டைகளாகச் சிதறின. வெள்ளத்தால் அடித்துச் செல்லப்படும் நுளம்புப் புழுக்கள் அந்த ஆண்டு அங்கேயே வளர்ந்து பறந்தன. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காய்ச்சல் தொடங்கியது. டிசெம்பர், ஜனவரி மாதங்களில் உச்சத்தை எட்டியது. அப்போது இலங்கையின் சனத்தொகை ஏறத்தாழ 55 இலட்சம். அவர்களில் சுமார் 15 இலட்சம் பேர் நோய்வாய்ப்பட்டார்கள். சுமார் 80,000 பேர் இறந்தார்கள் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்படும் மதிப்பீடு. அதாவது நான்கு பேரில் ஒருவர் படுக்கையில் கிடந்தார்.

அதே மழைவீழ்ச்சிக் குறைவு வயல்களையும் காயவைத்திருந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் இறப்பின் அளவு விளங்கும். உலகப் பொருளாதார மந்தத்தால் றப்பர், தெங்கு விலைகள் ஏற்கெனவே விழுந்திருந்தன. வேலையும் இல்லை, விளைச்சலும் இல்லை, உடம்பில் வலுவும் இல்லை என்ற நிலையில் காய்ச்சல் வந்து சேர்ந்தது. நோயால் இறந்தவர்களில் பெரும்பகுதியினர் குழந்தைகளும் வறியவர்களுமே. அந்த நாட்களில் கிராமங்களுக்குள் சென்று மருந்தும் உணவும் வழங்கியவர்களில் ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமான சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் முக்கியமானவர்கள். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் அவர்களுள் இருந்தார்கள். பருப்பு விநியோகித்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த பெரேராவுக்குச் சனங்கள் "பருப்பு மாத்தையா" என்று பெயர் வைத்தார்கள். 1935 டிசெம்பரில் இவர்களின் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சி உருவானது. 1936 அரசுப் பேரவைத் தேர்தலில் பெரேரா வென்ற றுவன்வெல்ல தொகுதி, மலேரியா மிக மோசமாகத் தாக்கிய கேகாலை மாவட்டத்துக்குள் இருக்கிறது. சர்வசன வாக்குரிமை 1931இலேயே வந்துவிட்ட ஒரு நாட்டில், காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கும் ஒரு வாக்கு இருந்தது. கிராமப்புறங்களில் மருந்தகங்களும் சிறிய வைத்தியசாலைகளும் அடுத்த பத்தாண்டில் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். நமது இலவச மருத்துவத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் 1935ஐ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லலாம்.

டி.டி.டி. என்ற பூச்சிகொல்லி இலங்கைக்கு வந்தது இரண்டாம் உலகப் போரின் முடிவில். போர்க்களங்களில் படையினரைக் காக்கப் பயன்பட்ட இந்த மருந்தை 1945இல் சோதனையாகத் தெளித்துப் பார்த்துவிட்டு, 1946, 1947 ஆண்டுகளில் மலேரியாப் பகுதிகள் அனைத்திலும் வீடுகளின் உட்சுவர்களில் அடிக்கத் தொடங்கினார்கள். இது ஏன் வேலை செய்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரத்தம் குடித்த நுளம்பு உடலின் பாரத்தோடு அதிக தூரம் பறக்காமல் பக்கத்துச் சுவரில் போய் உட்காரும். சுவரில் மருந்து இருந்தால் சில மணி நேரத்தில் சாகும். நோயாளியின் இரத்தத்தோடு நுளம்பின் உடலுக்குள் சென்ற ஒட்டுண்ணி, இன்னொருவருக்குத் தொற்றக்கூடிய நிலைக்கு வளர எங்கள் வெப்பநிலையில் ஏறத்தாழ 10 நாட்களாவது தேவை. ஆகவே நாட்டிலுள்ள எல்லா நுளம்புகளையும் கொல்ல வேண்டியதில்லை. அவற்றின் ஆயுளை அந்த 10 நாட்களுக்குக் கீழே குறைத்துவிட்டால் போதும். நுளம்பு இருக்கும், மலேரியா இருக்காது. ஒட்டுண்ணி எந்த மனித உடலிலும் மிஞ்சியிராதவரைதான் இந்தச் சமநிலை நிற்கும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

1946இல் ஆயிரம் பேருக்குச் சுமார் 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் சுமார் 14 ஆக இறங்கியது. டி.டி.டி.யின் புகழைப் பாட உலகம் முழுவதும் அன்று எடுத்துக்காட்டப்பட்ட புள்ளிவிபரம் இது. ஆனால் மலேரியா அரிதாகவே இருந்த மாவட்டங்களிலும் அதே ஆண்டில் இறப்பு வீதம் குறைந்திருக்கிறது. போர் முடிந்து உணவு வரத்து சீரானது, வைத்தியசாலைகள் பெருகியது, புதிய மருந்துகள் கிடைத்தது ஆகிய எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு என்று சனத்தொகையியலாளர்கள் நீண்ட காலம் வாதிட்டார்கள். மலேரியாவை வீழ்த்தியது டி.டி.டி. என்பதில் எனக்கு ஐயமில்லை. மொத்த இறப்பு வீதத்தின் வீழ்ச்சியை முழுவதும் அதன் கணக்கில் எழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

மருந்தடித்ததால் நோய் மட்டுமன்றி நிலமும் மாறியது. நூற்றாண்டுகளாகக் காடேறிக் கிடந்த உலர்வலயம் மனிதர் குடியேறக்கூடிய இடமானது. கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டம் 1949இல் தொடங்கியது. வடமத்தியிலும் கிழக்கிலும் பெரும் குடியேற்றங்கள் அதைத் தொடர்ந்தன. காய்ச்சல் காவல் நின்ற நிலங்களில் யாரைக் குடியேற்றுவது என்ற கேள்வி இந்த நாட்டின் இனப் பிரச்சினையின் மையத்துக்கு எப்படி வந்தது என்பது தனியாக எழுத வேண்டிய கதை. மலேரியா ஒழிப்பின் வரலாற்றை வெறும் சுகாதார வரலாறாக மட்டும் வாசிக்க முடியாது என்பதற்காகவே இங்கு குறிப்பிடுகிறேன்.

1955இல் உலக சுகாதார நிறுவனம் உலகளாவிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தை அறிவித்தது. இலங்கையும் இணைந்தது. மருந்தடித்தல் தீவிரமானது, காய்ச்சல்காரரைத் தேடி இரத்தம் எடுக்கும் பணியும் ஒழுங்கானது. இவ்வாறு வந்து சேர்ந்த இடம்தான் 1963ஆம் ஆண்டின் 17 பேர். 1964இல் மருந்தடிப்பு நிறுத்தப்பட்டது. திட்டத்தின் வகுக்கப்பட்ட முறைப்படி அது தவறல்ல. தெளிப்பை நிறுத்திவிட்டுக் கண்காணிப்பில் மட்டும் தங்கியிருக்கும் கட்டம் என்று ஒன்று இருந்தது. கண்காணிப்பு உறங்கிப்போனதுதான் தவறு. நோய் இல்லாத ஊரில் காய்ச்சல் விசாரித்துத் திரிவதும், ஒட்டுண்ணி எதுவுமே தென்படாத இரத்தப் பூச்சுக்களை நாள் முழுவதும் நுண்நோக்கியில் பார்த்துக்கொண்டிருப்பதும் மனிதரை அலுக்கவைக்கும் வேலைகள். அவற்றுக்குப் பணம் ஒதுக்குவதும் எந்தத் திறைசேரிக்கும் பிடித்தமானதல்ல. எலஹெர போன்ற இரத்தினக்கல் அகழும் பகுதிகளுக்கு நாலா பக்கமிருந்தும் வந்த இளைஞர்கள் காட்டுக்குள் கொட்டில் போட்டுத் தங்கினார்கள். தோண்டிய குழிகளில் நீர் தேங்கியது. காட்டை வெட்டி எரித்துச் செய்யும் சேனைப் பயிர்ச்செய்கைக்காகப் போனவர்களும் சுவரில்லாத குடில்களில்தான் படுத்தார்கள். அந்த ஆண்டுகளில் மழையும் குறைந்து ஆறுகள் வற்றின. ஒட்டுண்ணியோடு ஊர் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதற்கு ஆளிருக்கவில்லை. 1967இன் பிற்பகுதியில் தீ பிடித்தது; 1968, 1969 ஆண்டுகளில் பரவியது.

இந்த இடத்தில் இணையத்தில் அடிக்கடி உலவும் ஒரு கதையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் றேச்சல் கார்சன் 1962இல் பூச்சிகொல்லிகளுக்கு எதிராக எழுதிய நூலால் மிரண்டு இலங்கை டி.டி.டி.யைத் தடைசெய்தது என்றும், அதனால்தான் மலேரியா திரும்பியது என்றும் கூறுகிறார்கள். உண்மை அதுவல்ல. நோயாளர் தொகை வீழ்ந்துவிட்டது என்பதாலேயே தெளிப்பு நிறுத்தப்பட்டது. நோய் திரும்பியவுடன் டி.டி.டி. மீண்டும் அடிக்கப்பட்டது, 1970களின் நடுப்பகுதி வரையில் அடிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் இம்முறை நுளம்பு சாகவில்லை. குலிசிபேசிஸ் டி.டி.டி.க்கு எதிர்ப்பைப் பெற்றுவிட்டது என்பது 1969இலேயே கண்டறியப்பட்டது. ஓர் ஒழிப்புத் திட்டம் பாதியில் விடப்பட்டால், மிஞ்சியிருக்கும் பூச்சி முந்தியதை விடக் கெட்டியானது என்பதைத்தான் இந்த வரலாறு காட்டுகிறது. சுற்றுச்சூழல் வாதிகளைத் திட்டுவதற்கு இதில் எதுவுமில்லை.

1977இலிருந்து டி.டி.டி.யின் இடத்துக்கு மலத்தியன் என்ற பூச்சிகொல்லி வந்தது. விவசாயத்துக்கு அதை விற்காமல் மலேரியாப் பணிக்கு மட்டும் ஒதுக்கி வைத்தது, எதிர்ப்புத் தோன்றுவதைத் தாமதப்படுத்திய நல்ல முடிவு. ஆனால் மலத்தியனின் நாற்றம் பொல்லாதது. மருந்தடிக்க ஆட்கள் வருகிறார்கள் என்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விடுபவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். மண் சுவர் வீடுகளில் இன்னொரு சிக்கல் இருந்தது: பொங்கலோ வருடப்பிறப்போ வந்தால் சுவரை மெழுகிவிடுவார்கள், மருந்து மெழுக்குக்குக் கீழே போய்விடும். அதே காலத்தில் மகாவலி அபிவிருத்தித் திட்டம் ஈரவலயத்து மக்களை ஆயிரக்கணக்கில் உலர்வலயத்துக்குக் கொண்டுவந்தது. எதிர்ப்புச் சக்தியில்லாத மக்கள், புதிய வாய்க்கால்கள், நீரோட்டம் குறைந்த பழைய ஆற்றுப்படுக்கைகள் என எல்லாம் கூடிவந்து, 1986, 1987 ஆண்டுகளில் மீண்டும் பெரும் கொள்ளைநோய் எழுந்தது. உயிரைப் பறிக்கக்கூடிய பல்சிபாரம் வகையின் பங்கும் உயர்ந்தது. அந்த வகை ஒட்டுண்ணி, வழக்கமான மலேரியாக் குளிசையான குளோரோகுவினுக்கு எதிர்ப்புக் காட்டுவது 1984இலேயே இலங்கையில் தெரியவந்திருந்தது. நுளம்பு மருந்துக்கும் ஒட்டுண்ணி குளிசைக்கும் பழகிக்கொண்டிருந்த காலம் அது.

என் சொந்த அனுபவம் இதற்கு அடுத்த பத்தாண்டில் வருகிறது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்து மக்கள் போரால் இடம்பெயர்ந்தபோது எங்கள் குடும்பமும் முதலில் தென்மராட்சிக்கும் பின்னர் கிளாலிக் கடலைத் தாண்டி வன்னிக்கும் போனது. குடாநாட்டில் வளர்ந்த எங்களுக்கு மலேரியா பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு நோய். வன்னியில் மரங்களுக்குக் கீழே தறப்பாள் கட்டியிருந்தவர்களில் காய்ச்சல் வராத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மருந்தடிக்கும் திட்டம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், அடிப்பதற்கு ஒரு சுவர் வேண்டும் அல்லவா? தறப்பாளில் மருந்து நிற்பதில்லை. அப்பாவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், ஏறத்தாழ ஒரே நேரத்தில் குளிர் தொடங்கும். இருந்த சேலைகள், சாக்குகள் எல்லாவற்றையும் போர்த்தியும் கட்டில் கிடுகிடுக்கும். இரண்டு மணி நேரத்தில் உடல் அனலாகும், பிறகு வியர்த்து ஊற்றி, எதுவுமே நடக்காதவர் போல எழுந்து தேநீர் கேட்பார்.

மலேரியாப் பகுதியினர் என்று எல்லோரும் அழைத்த ஊழியர் ஒருவர் சைக்கிளில் வருவார். மோதிர விரல் நுனியைப் பஞ்சால் துடைத்து, ஊசியால் ஒரு குத்துக் குத்தி, முதல் துளியைத் துடைத்தெறிந்துவிட்டு அடுத்த துளிகளைக் கண்ணாடித் தகட்டில் எடுப்பார். ஒரு பக்கத்தில் தடிப்பாக வட்டமாக ஒரு பூச்சு. மறு பக்கத்தில் இன்னொரு தகட்டின் விளிம்பால் இழுத்து மெல்லிய பூச்சு. தடித்த பூச்சில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்பது தெரியும். மெல்லியதில் அது எந்த வகை என்பது தெரியும் என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஈ மொய்க்காமல் தகடு காயும்வரைக்கும் கையால் விசிறிக்கொண்டு நிற்பார், ஏனென்றால் ஈக்கள் இரத்தத்தைத் தின்றுவிட்டால் திரும்பவும் குத்த வேண்டும். முடிவு வர நாளெடுக்கும். அதுவரைக்கும் குளோரோகுவின் கொடுக்கப்படும். அந்தக் கசப்பை விழுங்கவைக்க அம்மா ஒரு துண்டு பனங்கட்டியைக் கையில் காட்டிக்கொண்டு நிற்பார். பொருளாதாரத் தடைக்காலம், குளிசைக்கே தட்டுப்பாடு. வைவாக்ஸ் என்று முடிவு வந்தால் பிரைமாகுவினை 14 நாள் தொடர வேண்டும், ஏனென்றால் இந்த வகை ஒட்டுண்ணி ஈரலுக்குள் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்து மீண்டும் வெளிவரும். யார் 14 நாள் விழுங்கினார்கள்? காய்ச்சல் விட்டதும் குளிசையும் விட்டது. அடுத்த மாரியில் அதே நோயாளி, அதே நடுக்கம்.

2000ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர் பதிவானார்கள். 2002இல் அது சுமார் 41,000, 2005இல் சுமார் 1,600, 2011இல் உள்ளூர்த் தொற்றுகள் 124, 2012இல் 23. இந்த வீழ்ச்சியின் பெரும்பகுதி போர் நடந்துகொண்டிருந்த நாட்டில் நிகழ்ந்தது என்பது வெளிநாட்டு ஆய்வாளர்களை இன்றும் வியக்கவைக்கிறது. காரணம் ஒன்றல்ல. 1990களின் நடுப்பகுதியிலிருந்து பைரெத்திரொயிட் வகை மருந்துகள் வந்தன. ஒரே மருந்தை நாடு முழுக்க அடிக்காமல் மாவட்டத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதால் நுளம்புக்குப் பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கவில்லை. 1989இல் மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரப்பட்டபோது மாவட்ட மலேரியா அதிகாரிகளுக்குத் தத்தம் பகுதியில் முடிவெடுக்கும் வாய்ப்புக் கிடைத்தது. எயிட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றுக்கு எதிரான உலக நிதியத்தின் உதவியோடு நீண்டகாலம் மருந்து நிற்கும் நுளம்பு வலைகள் வந்தன. சர்வோதயம் போன்ற அமைப்புகள் அவற்றை வடக்கு, கிழக்குக் கிராமங்களுக்குக் கொண்டுபோயின. தறப்பாளுக்குச் சுவர் இல்லாவிட்டாலும் வலை கட்ட ஒரு கொப்பு இருந்தது. 2002இன் போர்நிறுத்தம் பாதைகளைத் திறந்தது.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானதாக நான் கருதுவது வேறொன்று. அரசாங்கத்திடம் சம்பளம் பெற்றுக்கொண்டு புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் பணியாற்றிய சுகாதார ஊழியர்கள் இரு தரப்புக்கும் தேவையானவர்களாக இருந்தார்கள். நுளம்பு எந்தச் சோதனைச் சாவடியிலும் நிற்பதில்லை என்பதால், மலேரியா விடயத்தில் ஒரு மௌனமான இணக்கம் பெரும்பாலும் நிலவியது. அந்தத் தகடுகளும் சிட்டைகளும் முன்னரங்கைத் தாண்டிப் போய்வந்தன. வன்னியில் அந்த நாட்களில் தகடு சுமந்து திரிந்தவர்களின் பெயர்கள் 2016இன் பாராட்டுரைகளில் எங்கும் வரவில்லை, வந்திருக்க வேண்டும்.

2009இல் போர் முடிந்தபோது இலங்கை தனக்கு இலக்கு ஒன்றை வகுத்துக்கொண்டது: உள்ளூர்ப் பல்சிபாரம் 2012க்குள்ளும் வைவாக்ஸ் 2014க்குள்ளும் இல்லாமற் போக வேண்டும். இந்தக் கட்டத்தில் வேலையின் தன்மையே மாறிவிட்டது. இனி நுளம்பைத் துரத்துவதல்ல, ஒட்டுண்ணியைச் சுமந்திருக்கும் கடைசி மனிதர்களைத் தேடுவதே வேலை. நடமாடும் மருத்துவக் குழுக்கள் மீள்குடியேறிய கிராமங்களுக்கும் இராணுவ முகாம்களுக்கும் இரத்தினக்கல் குழிகளுக்கும் சென்று, காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரத்தம் எடுத்தன. ஒருவருக்கு மலேரியா என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் அரசின் மலேரியா தடை இயக்கத்துக்கு அறிவித்தாக வேண்டும். அவர் கடந்த வாரங்களில் எங்கே படுத்தார், யாரோடு பயணம் செய்தார் என்று விசாரித்து, சுற்றியுள்ள வீடுகளில் எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை செய்து, அந்த இடத்தில் நுளம்பைத் தேடி, தேவையென்றால் மருந்தடிப்பார்கள். 14 நாள் பிரைமாகுவினை நோயாளி உண்மையிலேயே விழுங்குகிறாரா என்று பார்ப்பதற்கு ஆள் உண்டு. குணமான பின்னும் அவரைப் பல மாதங்கள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். என் அப்பாவின் காலத்தில் ஓர் ஊருக்குக் கிடைக்காத கவனம் இப்போது ஒரு நோயாளிக்குக் கிடைத்தது. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் மட்டும் நோயாளர் இருக்கும்போதுதான் இது சாத்தியம் என்பதும் உண்மையே. ஆனால் 1963இலும் எண்ணிக்கை அதைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

2016க்குப் பின்னரும் ஆண்டுதோறும் பல பத்துப் பேர் ஆபிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மலேரியாவோடு நாட்டுக்குள் வருகிறார்கள். மடகஸ்காருக்குப் போகும் இரத்தினக்கல் வியாபாரிகள், யாத்திரிகர்கள், ஐ.நா. அமைதிப்படைப் பணிக்குச் சென்ற படையினர், தமிழகத்து முகாம்களிலிருந்து திரும்பிய அகதிகள் என்று பல வகையினர். முன்னொரு முறை மேற்கு ஆபிரிக்க வழியாகக் கடல் கடக்க முயன்று திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர் கூட்டமொன்றில் பலருக்குப் பல்சிபாரம் இருந்தது. சிக்கல் என்னவென்றால் இளம் வைத்தியர்களில் பலர் மலேரியா நோயாளியைக் கண்ணால் கண்டதேயில்லை. டெங்கு மலிந்த நாட்டில், காய்ச்சல் என்றவுடன் இரத்தத் தட்டணுக்களை எண்ணத்தான் கை போகும். மலேரியாவிலும் அவை குறையும் என்பதால் ஐயம் இன்னும் வலுக்கும். வெளிநாடு செல்வோருக்கு முன்தடுப்புக் குளிசைகளை மலேரியா தடை இயக்கம் இலவசமாகவே வழங்குகிறது. கிழக்கு ஆபிரிக்காவுக்கு வேலைக்குப் புறப்பட்ட என் உறவினர் ஒருவரிடம் அதைப் பற்றிச் சொன்னேன். "அதுதான் ஒழிஞ்சு போச்சுதே, பிறகேன் குளிசை?" என்று கேட்டார். வன்னியில் மூன்று தரம் படுத்தெழும்பியவர் அவர்.

2016இன் இறுதியில், சான்றிதழ் கிடைத்துச் சில மாதங்களே ஆன நிலையில், மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு முதற்தடவையாகக் கண்டறியப்பட்டது. சென்னை போன்ற இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுவே. குலிசிபேசிஸ் ஆற்றுக் குட்டையைத் தேடும். ஸ்டீபன்சிக்குக் கிணறும் சீமெந்துத் தொட்டியும் மேல்நிலைத் தாங்கியும் போதும். வீட்டுக்கு ஒரு கிணறு இருக்கும் மன்னாருக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் இது நல்ல செய்தியல்ல. பாக்குநீரிணையின் இரு கரைகளும் நுளம்பு விடயத்தில் எப்போதுமே நெருக்கமானவை. குலிசிபேசிஸ் தொகுதிக்குள் நோயைப் பரப்பும் 'ஈ' என்ற உட்பிரிவு முதன்முதலில் இனங்காணப்பட்டதும் இராமேசுவரத்தில்தான், இலங்கையில் நோயைப் பரப்பியதும் அதே உட்பிரிவுதான். மன்னாரில் கிணறுகளுக்குப் புழு தின்னும் மீன்களை விட்டார்கள், பாவிக்காத கிணறுகளை மூடச் செய்தார்கள், புழுக்கொல்லி இட்டார்கள். பின்னர் யாழ்ப்பாணத்திலும் அந்த நுளம்பு கண்டறியப்பட்டது.

2018 டிசெம்பரில் மொனராகலை மாவட்டத்தில், எந்த நாட்டுக்கும் போகாத ஒருவருக்கு வைவாக்ஸ் மலேரியா இருப்பது தெரியவந்தது. 2012 ஒக்டோபருக்குப் பின் இலங்கை மண்ணில் ஒருவருக்கு நோய் தொற்றியது அதுவே முதல் தடவை. விசாரித்தபோது, அதே பகுதியில் வேலை செய்துகொண்டிருந்த, இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவருக்கு முன்னர் நோய் இருந்தது புலப்பட்டது. வெளியிலிருந்து வந்தவரிடமிருந்து நேரடியாகத் தொற்றிய முதல் தலைமுறை நோயாளர் என்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் வரைவிலக்கணப்படி இது உள்நாட்டில் நிலைகொண்ட பரவலாகக் கொள்ளப்படுவதில்லை; சான்றிதழுக்குப் பங்கமில்லை. ஆனால் அதிகாரிகள் வரைவிலக்கணத்தை நம்பிச் சும்மா இருக்கவில்லை. சுற்றுவட்டாரம் முழுவதிலும் இரத்தம் எடுத்தார்கள், நுளம்பு பிடித்துப் பார்த்தார்கள், வீடுகளுக்கு மருந்தடித்தார்கள், அடுத்த மாதங்களிலும் திரும்பத் திரும்பப் போனார்கள். அந்த இடத்திலிருந்து வேறொருவருக்கும் நோய் பரவவில்லை.